குன்வோர் நகர்த்திய பாதை

குன்வோர் லாங்கென் என்கிற பெண்மணி எங்கள் ஊர் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். அறை அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பூட்ஸைப் பார்த்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு, செப்புச் சுரங்கம் இருந்த காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய மரவீடுகளில் ஒன்றில் தனியாக இருக்கிறார். காலையில் எந்திரச் சத்தம், மாலையில் ரேடியோ. சில வாரங்களில் அவர் பேசிய சொற்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

வருடத்தில் எட்டு நாள் மட்டும் அப்படி இல்லை. பிப்ரவரியில், மலைக்குடிலுக்குப் போகும் ஸ்கீ பாதைக்குக் கம்பு நடும் எட்டு நாள்.

மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே எங்கள் மலையில் எல்லாம் ஒரே வெள்ளைதான். பனிமூட்டம் இறங்கினால் கீழே எது, மேலே எது என்று தெரியாது. அதனால் பத்து மீட்டருக்கு ஒன்றாக, ஆள் உயரத்துக்குப் பிர்ச் மரக் கம்பு நட்டு வைப்போம். ஒரு கம்பிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும், அது போதும். எங்கள் ஊர்க் குழந்தைகள் எழுத்துக்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொள்கின்றன: கம்பை விடாதே. நாங்கள் பையில் வரைபடம் வைத்திருப்போம். கம்பு நிற்கும்போது அதை எடுத்துப் பார்க்கிறவனைக் கோழை என்போம்.

குன்வோருக்கு ஜோடி ஐலர்ட். முன்னாள் பஸ் ஓட்டுநர், மனைவியை இழந்தவர். பத்தொன்பது வருடமாக இருவரும் ஒரே பகுதிக்குக் கம்பு நட்டார்கள். ஐலர்ட் பனி ஸ்கூட்டரை ஓட்டுவார். பின்னால் சறுக்குவண்டியில் கம்புக்கட்டு. குன்வோர் இறங்கி, உறைந்த பனியில் துளை போட்டு, கம்பை நட்டு, காலால் மிதித்து இறுக்குவார்.

"சாயுது பாரு," என்பார் ஐலர்ட்.

"காத்துக்கு எதிரா சாய்ச்சு வச்சிருக்கேன். மார்ச்ல வந்து பாரு, அதுதான் நிமிந்து நிக்கும். மத்தவங்க நட்டதெல்லாம் படுத்திருக்கும்."

"ஒன் கம்ப கண்ணக் கட்டிவிட்டாக்கூட கண்டுபிடிச்சுருவேன், போ."

நண்பகலில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் ஃபிளாஸ்க் காப்பியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஊரில் கேலி பேசினார்கள். பேசுவதற்கு ஏதும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த எட்டு நாளில்தான் தன் பெயரை இன்னொருவர் வாயால் அதிகம் கேட்பதாக குன்வோர் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் பாதை க்ரோஹோ என்கிற மேட்டின் மீது ஏறிப் போனது. க்ரோஹோவில்தான் சன்னாவின் குடும்பத்துப் பனிமான்கள் கன்று ஈனும். சன்னா இந்த வடக்கு மலைகளின் பழங்குடியான சாமியர் இனத்தவர். பாதைக்கும், அதைப் பராமரிக்கும் எங்கள் மலையேற்றச் சங்கத்துக்கும், ஊருக்கும் முந்தியவர்கள் அவர்கள். ஊர் ஆவணங்களில் மட்டும் அவர்கள் எப்போதும் "கோரிக்கை வைத்தவர்கள்."

சங்கத்துக்கும் மேய்ப்பவர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கம்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். அதன்பின் மேட்டில் யாரும் போகக்கூடாது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஈஸ்டர் நிலாவைப் பார்த்து நகர்கிற பண்டிகை. ஒரு வருடம் மார்ச்சில் வரும், ஒரு வருடம் ஏப்ரல் கடைசியில். வயிற்றில் இருக்கும் கன்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரு விலங்கின் பேறுகாலத்தைத் தேவாலய நாள்காட்டியில் கட்டிப்போட்டவர்கள் எல்லோரும் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். அதில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை என்பதை நான் இன்றுவரை நம்பவில்லை. உறைத்தால் வசதிக்குறைவு, அதனால் உறைக்கவில்லை.

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் இருபத்துநான்கு. மார்ச் கூட்டத்துக்குச் சன்னா வந்தார். மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். கொடுத்த வாஃபிள் அப்பத்தைத் தொடவில்லை.

"ஒப்பந்தப்படி இந்த வருஷம் நீங்க மே ஒண்ணாந்தேதி கம்பு புடுங்கணும். என் சினைமானுங்க ஏப்ரல் பாதியிலயே மேட்டுக்கு வந்துரும். மே ஒண்ணு வரைக்கும் பொறுத்துக்கங்கன்னு அதுங்ககிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

தலைவர் ஸ்டைனார், ஊரின் பல் மருத்துவர், இனிமையாகச் சிரித்தார். "சன்னா, ஒங்க மானுங்க ஜனங்களுக்குப் பழகினதுதானே. போன வருஷம் ஒண்ணு நான் கிட்டப் போயும் எந்திரிக்கவே இல்ல."

"அது பழக்கம் இல்ல, ஸ்டைனார். எந்திரிச்சு ஓடத் தெம்பில்ல. ஒங்க நாற்காலியில வாயத் தொறந்துக்கிட்டு அசையாமக் கெடக்குறானே, அவன் ஒங்களுக்குப் பழகிப்போயா கெடக்குறான்?"

எல்லோரும் சிரித்தோம். ஸ்டைனாரும் சிரித்தார். எங்கள் ஊரில் இப்படித்தான். ஒருவர் சொன்னது உண்மை என்று தெரிந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம்.

கம்பு நடுகிறவர்கள் கூட்டத்துக்கு வரலாம், வாக்கு கிடையாது. பின்வரிசையிலிருந்து குன்வோர் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பாதைய இந்த வருஷம் மட்டும் கீழ எறக்கி, ஏரிக்கரையோட பிர்ச் காட்டுக்குள்ள கொண்டு போனா என்ன? ரெண்டரை கிலோமீட்டர் கூடும். அவ்வளவுதான்."

"மேட்டுப் பாதை அறுவது வருஷமா இருக்கு, குன்வோர்."

"மானுங்க அதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்கு."

"ஈஸ்டருக்கு வர்றவங்க மேட்டு மேல நின்னு ஊரப் பாக்கத்தான் வர்றாங்க. குடில் பூரா ஆள் பதிவு பண்ணியாச்சு." பிறகு ஸ்டைனார் அதே இனிமையோடு சொன்னார்: "கம்பு நடறது ஒன் வேல. எங்க நடணும்கிறது சங்கத்தோட வேல."

வாக்கெடுப்பில் பதினொரு கை உயர்ந்தது. ஐலர்ட் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர், அவர் கையும் அதில் ஒன்று. செயலாளர் நான், என் கையும் ஒன்று. "ஒருமனதாக" என்று குறிப்பில் எழுதினேன். எதிர்த்தவர்கள் இருவருக்கும் வாக்கு இல்லை. உலகத்தில் பல ஒருமனதுகள் இப்படித்தான் கிடைக்கின்றன.

குன்வோர் ஏப்ரல் பதினொன்றிலிருந்து நான்கு நாள் விடுப்பு எடுத்தார். அது பண்டிகை வாரத்துக்கு முந்தைய வாரம். குடில் பூட்டியிருக்கும், மலையில் ஆள் இருக்காது. ஸ்கூட்டர் இல்லை. இடுப்பில் கயிறு கட்டி, சிறிய சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு ஸ்கீயில் மேலே போனார். மேட்டுப் பகுதியின் நானூறு கம்பையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாற்பது நாற்பதாகக் கட்டிக் கீழே இறக்கினார். புது வழி நீளம் அதிகம் என்பதால் சங்கத்தின் அடுக்கில் மிச்சமிருந்ததிலிருந்து இருநூற்றைம்பது கம்பு எடுத்துக்கொண்டார். ஓடை வந்து ஏரியில் விழும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்பதால் அதைச் சுற்றிப் போனார். மற்ற இடங்களில் ஐந்தடிக்கு ஒருதரம் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார். கடைசி நாள் புது வழியில் மூன்று தடவை போய்வந்து ஸ்கீ தடம் போட்டார். மேட்டிலிருந்த பழைய தடத்தைக் காற்று ஒரே இரவில் நிரவிவிட்டது.

இன்னொன்றும் செய்தார். புது வழியை ஒரு தாளில் வரைந்து, "இந்த வருடம் ஏரிப் பக்கம்" என்று எழுதி, மலை மீட்புக் குழுவின் அலுவலகத்தில் கொடுத்தார். யாராவது தொலைந்தால் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடக்கூடாது. அங்கிருந்தவர் நன்றி சொல்லிச் சுவரில் மாட்டினார். பண்டிகை முடியும்வரை அது அங்கேயே இருந்தது. பக்கத்திலேயே அச்சிட்ட பழைய வரைபடம். இரண்டையும் ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஐலர்ட்டிடம் மட்டும் சொல்லவில்லை.

பண்டிகை வாரம் வந்தது. ஓஸ்லோவிலிருந்தும் ட்ரோன்ஹைமிலிருந்தும் ரயில் நிறைய ஆட்கள். முதுகுப் பையில் ஆரஞ்சும் சாக்லேட்டும். நூற்றுக்கணக்கானோர் குன்வோரின் பாதையில் போனார்கள், வந்தார்கள். காட்டுக்குள் போகிறோமே, மேடு ஏறவே இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கம்பு போகிறது, போகிறோம். இரண்டரை கிலோமீட்டர் கூடுதலாகக் கால் வலித்தபோது அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள்: மெழுகு சரியில்லை. ஸ்கீயின் அடியில் தேய்க்கும் மெழுகை எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் குற்றம் சொல்லலாம். அந்த வாரம் கடையில் நீல மெழுகு தீர்ந்துபோனது.

குடிலின் வருகைப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. "க்ரோஹோ உச்சியிலிருந்து அற்புதமான காட்சி. மெழுகு மோசம்." "மேட்டில் காற்றே இல்லை, ஆச்சரியம்!" "அறுபது வருடப் பழம்பாதை, அதே அழகு." கடைசியாகச் சொன்னது ஸ்டைனாரின் கையெழுத்து. மனிதன் கண்ணால் பார்க்கிறான் என்று யாராவது சொன்னால் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பெரிய வியாழன் அன்று ஐலர்ட் குடிலுக்குப் போனார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. குன்வோருக்கு அன்று வேலை. நாள் முழுக்க விரிப்புகளை மடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவர் கண்டுபிடிக்க முடியுமென்றால் அது ஐலர்ட்தான். கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் குலையும். ஆனாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்று மனம் கேட்டது. அந்தக் கம்புகளில் அறுநூற்றைம்பதும் காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்தன.

மாலை ஐந்து மணிக்கு அவருடைய பூட்ஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றது. குனிந்து கண்ணாடியைத் தட்டினார். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"க்ரோஹோ மேல இன்னிக்கி என்னா வெளிச்சம்! நீயும் வந்திருக்கணும் குன்வோர்!"

"மெழுகு எப்பிடி இருந்துச்சு?"

"படுமோசம்!"

அவர் சிரித்துக்கொண்டே போனார். குன்வோர் அடுத்த விரிப்பை எடுத்தார்.

சனிக்கிழமை விஷயம் உடைந்தது. உடைத்தவர் யெல்லே என்கிற நெதர்லாந்துக்காரர். வாழ்க்கையில் முதல்முறை ஸ்கீ போட்டவர். கம்பை நம்ப அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வரைபடத்தைப் படிக்கத் தெரியும். சுற்றுலா அலுவலகத்துக்கு வந்து மிக மரியாதையாகக் கேட்டார்: மேட்டின் மேலே கம்புகள் ஏன் இல்லை?

அங்கே ஸ்டைனார் இருந்தார், ஐலர்ட் இருந்தார், காப்பி குடிக்க வந்த நான்கைந்து பேர் இருந்தோம்.

"நேத்து நானே போய்ட்டு வந்தேனே," என்றார் ஸ்டைனார். "கண்ணாடிய எங்கயாவது மறந்து வச்சிட்டீங்களா?"

"பாவம், அவங்க ஊர்ல மேடே கெடயாது," என்றார் ஐலர்ட். "மேடுன்னா என்னன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

சிரிப்பு அடங்கும்வரை யெல்லே காத்திருந்தார். பிறகு மேசைமேல் வரைபடத்தை விரித்தார், திசைகாட்டியை வைத்தார், கேமராவில் ஒரு படத்தைக் காட்டினார். க்ரோஹோவின் கல் குவியலும் அதன் பெயர்ப் பலகையும். சுற்றிலும் ஒரு கம்புகூட இல்லை. பின்னால் சரிவு முழுக்கப் படுத்திருந்த பனிமான்கள்.

"நான் இங்க போனேன். படத்துல இருக்குற எடம் இதுதானே? பாதை இங்க இல்ல. மானுங்க தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்பறதுக்குக் கூச்சமா இருந்துச்சு, திரும்பிட்டேன்."

ஐலர்ட் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில், யாரும் கேட்பதற்கு முன்பே குன்வோர் எழுந்து, "நான்தான் மாத்தி நட்டேன்," என்றார்.

ஸ்டைனார் சொன்னதை நேர்மையாக எழுதவேண்டும். அது முட்டாள்தனம் அல்ல. "மலையில கம்புங்கிறது வாக்கு. ஒருத்தன் உசிர அத நம்பி விடறான். இன்னிக்கி நல்லதுக்காக மாத்தினே. நாளைக்கு இன்னொருத்தன் வேற எதுக்காவது மாத்தினா?" குன்வோர் மீட்புக் குழுவுக்குக் கொடுத்த தாளைப் பற்றிச் சொன்னார், பனிக்கட்டியைக் குத்திப் பார்த்ததைச் சொன்னார். ஸ்டைனார் ஏற்காமல் தலையை ஆட்டினார். அந்த வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருடைய நிலத்தில் நின்று கொடுக்கப்பட்டது என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள், நல்ல குஷியோடு: "ஐலர்ட், பத்தொம்பது வருஷமா நட்டவன் நீ. வியாழக்கிழம போனியே, ஒனக்குமா தெரியல?"

அறை முழுக்கச் சிரிப்பு. ஸ்டைனாரும் அதே பாதையில் போனவர்தான்; அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஐலர்ட்டின் கழுத்து சிவந்தது. "அன்னிக்கி மூட்டமா இருந்துச்சு," என்றார்.

வியாழக்கிழமை எப்படி இருந்தது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவரைக் காப்பாற்ற ஒரே ஒருவர் வாய் திறந்தார், அது குன்வோர். "ஆமா, மேல மூட்டம்தான்," என்றார். சிரிப்பு இன்னும் கூடியது.

கம்பு நடுகிறவர் பட்டியலிலிருந்து குன்வோரின் பெயரை நீக்க வாக்கெடுத்தோம். ஐலர்ட்டின் கை முதலில் உயர்ந்தது.

மே மாதக் கடைசியில் சன்னா சாலையில் வண்டியை நிறுத்திக் குன்வோரிடம் பேசினார்.

"இந்த வருஷம் கன்னுங்க நல்லா நிக்குது."

"சந்தோஷம்."

"நீ நட்டத தூரத்துலேர்ந்து பாத்தேன். நாலு நாளும் பாத்தேன். கைகொடுக்க வந்திருப்பேன். வந்திருந்தா, சாமியர் செஞ்ச சதின்னு ஊரே சொல்லியிருக்கும்."

"தெரியும்."

"நன்றின்னு எதிர்பாக்குறியா?"

"இல்ல."

"எதிர்பாக்காத. என் எடத்துல என் மானுங்க நிம்மதியாப் படுத்துக்கெடந்ததுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்?"

சன்னா சொன்னது சரி. குன்வோரும் சரி என்றுதான் என்னிடம் சொன்னார். ஆனால் சரியான ஒன்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துபோவதற்கு அன்று வழி ரொம்ப நீளமாக இருந்ததாம்.

இலையுதிர் காலத்தில் சங்கம் கூடியது. ஏரிப் பாதையில் காற்று குறைவு, குழந்தைகளுக்கு நல்லது, வருகைப் புத்தகத்திலும் ஒரு புகார்கூட இல்லை என்று ஸ்டைனார் விளக்கினார். இனி நிரந்தரமாக அதுதான் பாதை என்று முடிவானது. ஒப்பந்தத்திலும் ஈஸ்டரை எடுத்துவிட்டு ஏப்ரல் பதினைந்து என்று தேதி போட்டார்கள். முன்மொழிந்தவர் தலைவர். குன்வோரின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்க்கலாமே என்று அப்போதுதான் நான் முதல்முறை வாயைத் திறந்தேன். "அது வேற விஷயம்," என்றார்கள். சத்தம் இல்லை, கோபம் இல்லை. ஊரில் யாரும் குன்வோரைத் திட்டியதே கிடையாது. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வரும். அவர் வந்து நிற்கும் இடத்தில் பேச்சு மட்டும் வானிலைக்கு மாறிவிடும்.

பத்து மாதம் ஐலர்ட்டின் பூட்ஸ் தெருவின் எதிர்ப்பக்கமாகவே போனது.

பிப்ரவரியில், கம்பு நடுவது தொடங்கும் நாள் காலையில், குன்வோர் வேலைக்குப் போகும் வழியில் கடைக்குள் போனார். ரொட்டி அடுக்கின் முன்னால் ஐலர்ட் நின்றிருந்தார். வெளியே ஸ்கூட்டர், பின்னால் கம்புக்கட்டு, ஸ்கூட்டரில் ஐலர்ட்டுக்குப் புது ஜோடியாகச் சேர்ந்த ஆள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். விலகிப் போக இடமில்லை.

"ஏரிப் பக்கமா?" என்றார் குன்வோர்.

"ஏரிப் பக்கம்தான்."

"ஓடை விழற எடத்துல சுத்திப் போங்க."

"தெரியும்." ஐலர்ட் கையிலிருந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"வேணாம்னு சொல்லிட்டு," என்றார் ஐலர்ட், "அப்புறம் ஒங்கூட வந்திருப்பேன்."

வெளியே ஸ்கூட்டரின் ஹாரன் அடித்தது. அவர் காசு கொடுத்துவிட்டுப் போனார். கதவு மூடியது, எந்திரம் உறுமியது, சத்தம் தேவாலயத்தைத் தாண்டி மேலே போய் மெலிந்தது. எதை வாங்க வந்தோம் என்று குன்வோருக்கு நினைவு வரவில்லை. கல்லாவில் இருந்த பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டிய ஈஸ்ட் பொட்டலம் ஒன்றை எடுத்துக் காசு கொடுத்தார். வீட்டில் இரண்டு பொட்டலம் ஏற்கெனவே இருந்தது. எட்டு மணிக்குச் சலவை எந்திரங்களைப் போட்டார்.